பரிசைக் கொடுப்பது யார்?

"ஆம்பிளைப் பிள்ளையா, பொம்பிளைப் பிள்ளையா? எத்தனை வயசு? எவ்வளவுக்குள்ள பார்க்கிறீங்க?"

திருகோணமலை நகரில் ஒரு ஃபான்சிக் கடை. மறுநாள் என் மகளின் வகுப்புச் சிநேகிதனுக்குப் பிறந்தநாள். கடைக்காரரின் மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இருந்தது: ஆண், ஆறு, இரண்டாயிரம். ஐந்து நிமிடத்தில் ஒரு ரிமோட் கார் பளபளப்புத் தாளுக்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவளை நானும் கேட்கவில்லை.

நகரின் ஓர்ஸ் ஹில் என்கிற உவர்மலையில் எல்லா வீட்டுக் கதையும் இதுதான். ஆளுநர் செயலகமும் விவேகானந்தாக் கல்லூரியும் உள்ள இந்த மலையில் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவர்கள் அதிகம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பாதிப் பேர் அழைத்தாலே ஆண்டுக்குப் பதினைந்து பரிசு. இரண்டாயிரப்படி முப்பதாயிரம் ரூபாய். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியபோது விளையாட்டுச் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆனாலும் பரிசின் பெட்டி சின்னதாகவில்லை. ஏன்?

அந்தப் பெட்டி பிள்ளைக்காக வாங்கப்படுவதில்லை என்பதுதான் என் பதில். சித்திரைப் புத்தாண்டில் பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேடம் திரும்பி வரவேண்டியதில்லை. கலியாண வீட்டு மொய் அப்படியல்ல. பெயரும் தொகையும் கொப்பியில் ஏறும், ஒருநாள் அதே கணக்கில் திரும்பும். பேர்த்டே பரிசு பார்வைக்குக் கைவிசேடம், நடப்பில் மொய். "போன முறை அவை எங்கட பிள்ளைக்கு என்ன தந்தவை?" என்று வீட்டில் ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் கடமைகள் என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். நம் மொய்க் கொப்பிகளுக்கு அது புதுச் செய்தி அல்ல.

பெரியவர்கள் தங்களுக்குள் மொய் எழுதிக்கொள்வதில் பிழையில்லை; இடரில் கைகொடுக்கிற ஏற்பாடு அது. பிழை, அந்தக் கணக்கைப் பிள்ளைகளின் சிநேகிதத்தின் மேல் எழுதுவது. அதில் இரண்டு பக்கமும் நட்டம். வாங்கும் பிள்ளையைப் பாருங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளை ஒருமுறை நான்கு சாமான்களோடும் இன்னொருமுறை பதினாறு சாமான்களோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோதுதான் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம் விளையாடினார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். 2018இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரே மாலையில் இருபது பெட்டி பிரிக்கும் பிள்ளை எதோடு விளையாடும்?

கொடுக்கும் பிள்ளையின் நட்டம் இன்னும் பெரிது. கனடாவில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் சிறு பிஸ்கற்களைக் கொடுத்து, ஒரு பொம்மைக்கு ஊட்டச் சொன்னார்கள். வாங்கியபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது முகம் மலர்ந்தது. ஆய்வாளர் எடுத்துத் தந்த பிஸ்கற்றைக் கொடுத்ததைவிடத் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது இன்னும் மலர்ந்தது. 2012இல் வந்த இந்த முடிவை நம் கடை அனுபவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தட்டும் நம்முடையது, பிஸ்கற்றும் நம்முடையது, தெரிவும் நம்முடையது. பிள்ளை பெட்டியைத் தூக்கிப் போகிறது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது, வராத பிள்ளையின் கதை. "காய்ச்சல், அதான் அனுப்பேல்லை" என்று தொலைபேசியில் சொல்லும் தாய்மாரில் எத்தனை பேரின் பிள்ளைக்கு உண்மையில் காய்ச்சல்? நாள்கூலிக்குப் போகும் வீட்டில் இரண்டாயிரம் என்பது ஓரிரு நாள் சமையல். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். பரிசின் விலை ஏற ஏற அழைப்பிதழ் நுழைவுச்சீட்டாக மாறிக்கொண்டிருக்கிறது.

"சின்னதாகக் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா?" என்பார்கள். இந்தக் கூச்சம் தனி வீடொன்றால் தீராது. வகுப்புப் பெற்றோர் சேர்ந்தால் தீரும். வாட்ஸ்அப் குழுவில் ஆண்டின் தொடக்கத்திலேயே ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். முதலில் சொல்ல வேண்டியவர் வசதியுள்ளவர். இல்லாதவர் வாயிலிருந்து வந்தால் அது மன்றாட்டமாகிவிடும். ஐந்து வீடு சேர்ந்து நல்லதாக ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கலாம். எல்லார் முன்னும் பெட்டி பிரிக்கும் சடங்கை விட்டுவிடலாம்.

தெரிவிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பரிசு வாங்கும் பிள்ளைக்கு ஆறு வயதென்றாலும் அந்த வீட்டில் தவழும் தம்பி இருக்கக்கூடும். 31.7 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள சிறு உருளைக்குள் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவரின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது அமெரிக்காவின் அளவுகோல். பொத்தான் பற்றரி அதைவிட ஆபத்து. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சுட்டுப் புண்ணாக்கிவிடும். மூன்று இனத்தவரும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது; ஜெலி இனிப்பு வாங்கும்போது ஜெலற்றின் எதிலிருந்து வந்தது என்று பார்ப்பதும் மரியாதையில் சேரும். பளபளப்புத் தாளும் வேண்டாம். நகருக்குள் திரியும் மான்கள் குப்பையில் பொலித்தீன் மெல்லுவதைப் பார்க்காதவர் இங்கே உண்டா?

ஆனால் முதல் விதி, பிள்ளையைக் கேட்பது. அந்த ரிமோட் காரின் சில்லு மூன்றாம் நாளே கழன்றதாக மகள் வந்து சொன்னாள். அடுத்த ஆண்டு அதே பையனின் பிறந்தநாளுக்குக் கடைக்குப் போகுமுன் அவளைக் கேட்டேன்: "அவன் என்ன செய்வான்?"

"கப்பல் கீறுவான்" என்றாள். சீனக்குடா பிரிமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களை மலையிலிருந்து பார்த்துவிட்டு, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கீறுவானாம். ரீச்சரிடம் ஏச்சும் வாங்குவானாம். கோடு போடாத பெரிய சித்திரக் கொப்பி ஒன்று வாங்கினோம். ஐந்நூறு ஆகவில்லை. வீட்டில் அதைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றப்போனபோது, மகள் தன் பாஸ்டல் பெட்டியைத் திறந்து நீலம் இரண்டை எடுத்துக் கொப்பிக்குள் வைத்தாள்.

"உனக்கு வேண்டாமா?"

"அவனுக்கு நீலம்தான் முதல்ல முடியும், அம்மா. கடல் கீற வேணுமே."

தன் பெட்டியில் இரண்டு இடம் வெறுமையாகிவிட்டதை ஒருதரம் பார்த்தாள். பிறகு மூடி வைத்தாள்.