இருவருக்கும் பிள்ளை

மணவிலக்கு என்னும் சொல்லை வாய்விட்டுக் கூறவும் நம்மவர் கூசிய காலம் ஒன்றிருந்தது. இன்று அக்கூச்சம் குறைந்துள்ளது; அதனை யாம் கேடெனக் கருதவில்லை. சேர்ந்து வாழ இயலாத இருவர் பிரிதல் அவர்தம் உரிமை. ஆயின், பிரிந்தவர் தம் பிள்ளையைக் கட்சிக்கு ஆள் சேர்ப்பதுபோலத் தம் பக்கம் இழுக்கும் வழக்கம் மாத்தளை நகரிலும் தோட்டப்புறங்களிலும் காணப்படுவதே இதனை எழுத எம்மைத் தூண்டிற்று.

"உன் அப்பன் உன்னை வேண்டாமென்று போனவன்", "உன் அம்மாவுக்கு நீ பாரம்" என்பன போன்ற சொற்கள் ஒரே நாளில் உரைக்கப்படுவன அல்ல. சோறு பரிமாறும்போதும், சப்பாத்துக் கிழிந்தபோதும், தவணைப் பரீட்சையிற் புள்ளி குறைந்தபோதும் துளித்துளியாகச் செவியில் ஊற்றப்படுவன. மாசி மகத்தில் முத்துமாரியம்மன் தேர் வீதியுலா வருகையில், எதிர்ப்புறத்தே நின்ற தந்தையைக் கண்டும், தாயின் முகத்தை ஒருகணம் நோக்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட சிறுவனை யாம் கண்டதுண்டு. பார்த்தவர் அதனை வெறுப்பென்றனர். தாயையும் இழந்துவிடுவோமோ என்னும் அச்சமென்றே எமக்குத் தோன்றிற்று. தந்தை தீயவன் என நம்பவைக்கப்பட்ட பிள்ளையிடம், "நீயும் அப்பனை உரித்துவைத்தாற்போல் இருக்கின்றாய்" என்று யாரேனும் சொன்னால், அப்பிள்ளை தன்னைப்பற்றி என்ன எண்ணும்?

பழி முழுவதையும் பெற்றோர்மீது சுமத்தல் தகாது. சட்டமும் இதிற் பங்காளியே. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணவிலக்குக்கு மூன்றே காரணங்களை வகுத்தது: சோரம், வன்மத்துடன் கைவிடுதல், மணநாளிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் பிரிய அதில் வழியில்லை. இதே மாத்தளையில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மணந்த சிங்களத் தம்பதியர் இருவரும் உடன்பட்டால், வழக்காடாது மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே விலகிக்கொள்ளலாம். அடுத்தடுத்த வீட்டார்க்கு இருவேறு நீதி! நம்மவர் வழக்கிலோ, முறைப்பாட்டில் எழுதப்பட்ட பழிச்சொற்களே பின்னர் வீட்டுத் திண்ணையிலும் பேசப்படுகின்றன. பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறாமலே சாட்சியாகின்றது.

எனினும் ஓர் எச்சரிக்கை. 1985இல் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர், பெற்றோருள் ஒருவர் பிள்ளையை மற்றவருக்கு எதிராகத் திருப்புதலை ஒரு நோய்க்குறித் தொகுதியாகவே பெயரிட்டார். மருத்துவ உலகம் அதனை ஏற்றிலது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பகுப்பின் அட்டவணையிலிருந்து அச்சொல்லை நீக்கிற்று. அடிக்கும் தந்தைக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளையையும், தாய் கெடுத்த பிள்ளை என்று கூறி அவனிடமே ஒப்படைக்க அப்பெயர் கருவியாயிற்று என்பது பெரும் முறைப்பாடு. ஆதலின், பிள்ளை ஒருவரை ஏன் வெறுக்கின்றது என்பதைப் பொறுமையாக வினவியறிதல் வேண்டும். குடித்துவிட்டு அடித்தவனைப் பிள்ளை மறக்கவேண்டுமென எவரும் எதிர்பார்த்தலாகாது.

அத்தகைய கொடுமை இல்லாதவிடத்துப் பிள்ளைக்கு இருவரும் வேண்டும். 1991இல் இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிரிந்திருக்கும் பெற்றோர் இருவருடனும் ஒழுங்காகத் தொடர்புகொள்ளும் உரிமையைப் பிள்ளைக்கே வழங்குகின்றது. அவ்வுரிமை தந்தையின் சொத்துமன்று, தாயின் சீதனமுமன்று.

ஈண்டுப் பாடசாலைகள் செய்யக்கூடியன சில உள. நீதிமன்றத் தடை இல்லாதவிடத்துத் தேர்ச்சியறிக்கையின் பிரதி இருவர்க்கும் செல்லட்டும். பரிசளிப்பு விழா அழைப்பிதழும் அவ்வாறே. ஒருவர் சொன்ன குறையை மற்றவரிடம் சொல்லும்படி மாணவனை எந்த ஆசிரியரும் ஏவவேண்டா. சட்டத்தரணிகளாய் விளங்கும் நம் பழைய மாணவர், கட்சிக்காரரிடம் கட்டணம் பேசுமுன், பிள்ளை வாரத்தில் எந்நாளில் எவரைக் காணும் என்பதை எழுதி இருவரிடமும் கையொப்பம் பெறுவாராயின், வழக்கு முடியும்வரை அப்பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை.