சிரிக்க வைத்தவரின் பெயர்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சிறுகதையை யார் எழுதியது என்று இலக்கிய வாசகரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தம் தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எழுதியது யார் என்று கேட்டால், பெரும்பாலும் மௌனம்தான் பதில். காட்சி மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த முரண் எனக்கு வெறும் ஞாபகமறதியாகத் தோன்றவில்லை. எதை எழுத்து என்று ஒப்புக்கொள்கிறோம், எதை ஒப்புக்கொள்வதில்லை என்கிற நம் வழக்கத்தின் விளைவு இது.

அவர் சித்ராலயா கோபு. இயற்பெயர் சடகோபன். செங்கல்பட்டில் இயக்குநர் ஸ்ரீதரின் இளமைக்காலத் தோழர். 1959இல் ஸ்ரீதர் 'கல்யாண பரிசு' மூலம் இயக்குநரானபோது, கண்ணீர்க் காவியமான அந்தப் படத்தின் நகைச்சுவைப் பகுதி கோபுவின் பொறுப்பாயிற்று. 'மன்னார் அண்ட் கம்பெனி'யில் வேலை என்று மனைவியிடம் கதை கட்டி, பிறகு 'எழுத்தாளர் பைரவன்' என்றும் வேடம் போடும் தங்கவேலு பாத்திரம் அவ்வாறு பிறந்ததுதான். ஸ்ரீதர் தொடங்கிய சித்ராலயா நிறுவனத்தின் பெயரே பின்னாளில் கோபுவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

'கல்யாண பரிசு' படத்தில் காதலும் சிரிப்பும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் தனித்தனி அடுப்பில் சமைத்துக்கொண்டன. காதலர்கள் தியாகம் செய்துகொண்டிருந்தார்கள்; தங்கவேலு பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காலத் தமிழ்ப் படங்களின் பொது இலக்கணமும் அதுவே. நகைச்சுவைப் பகுதியை வெட்டி எடுத்தாலும் கதை குறைபடாது. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' இந்தப் பிரிவினையை நீக்கியது. பணக்காரத் தந்தை விசுவநாதனை ஏமாற்றத் தேவைப்படும் பொய்தான் அங்கே கதை. வேலையிழந்த அசோக் தன்னைச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாகக் காட்டிக்கொள்ள, அவனுடைய நண்பன் வாசு நரைத்த தாடியோடு தந்தை வேடம் பூண்கிறான். அந்த வாசுவின் காதலியோ விசுவநாதனின் இன்னொரு மகள். இங்கே சிரிப்பை எடுத்துவிட்டால் காதலும் இல்லை. ஸ்ரீதரும் கோபுவும் சேர்ந்து செய்த இந்த இணைப்பே தமிழில் காதல் நகைச்சுவை என்ற வகைக்கு முழு உருவம் கொடுத்தது என்பது என் துணிபு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலில் வைப்பது நகையைத்தான். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை அதற்குச் சொல்கிறது. முதலாளியின் வீட்டெதிரே கூடாரமிட்டு அசோக் செய்யும் எதிர்ப்பு எள்ளல். காதலர்களின் துடுக்கு இளமை. கையில் கதையும் இல்லாமல் காசும் இல்லாமல் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்தும் செல்லப்பா பேதைமை. பிறர் சொன்னதை ஆராயாமல் ஏற்று, ஏற்றதை விடாமல் பற்றிக்கொள்வதே மடன் என்பர் உரையாசிரியர்கள். பாலையாவின் பாத்திரம் முழுக்க அதுதான். இந்த நூற்பாவை மாணவர்களுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கோபு தொல்காப்பியத்தை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல நகை அந்த நான்கிற்குள் தானாகவே வந்து நிற்கிறது.

"அதெல்லாம் நாகேஷின் திறமை, பாலையாவின் முகம், எழுதியவருக்கு என்ன பங்கு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதற்கு விடை 1966இல் இருக்கிறது. ஸ்ரீதரே அப்படத்தை இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுத்தார். மெஹ்மூத் கதை சொன்னார். ஓம் பிரகாஷ் நடுங்கினார். மொழி மாறியது, நடிகர்கள் மாறினார்கள், அந்தக் காட்சி அங்கேயும் கொண்டாடப்பட்டது. நடிகர் மாறியும் நிற்கும் பொருளுக்குப் பெயர் எழுத்து. ஒருவன் பேச, மற்றவன் கேட்டுக்கொண்டே பயத்தில் கரைய வேண்டும் என்ற அமைப்பு தாளில் இருந்ததால்தான் இரு நடிகர்களும் அதில் விளையாட முடிந்தது.

கோபுவின் மற்றொரு வேர் மேடை. 'கலாட்டா கல்யாணம்' (1968), 'வீட்டுக்கு வீடு' (1970), அவரே இயக்கிய 'காசேதான் கடவுளடா' (1972) ஆகியவை நாடகங்களாக இருந்து படமானவை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' 1941இல் படமான வழியின் தொடர்ச்சியாகவே இவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் சம்பந்த முதலியாருக்கு நாடக வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. கோபுவுக்கு ஓர் அடிக்குறிப்பாவது உண்டா?

இவ்வளவு சொல்வதால் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 'காதலிக்க நேரமில்லை'யில் திட்டம் தீட்டுவோர் எல்லாம் ஆண்கள். பெண்கள் அத்திட்டத்தின் பரிசுகள். காதலுக்குக் குறுக்கே நிற்பது பணம் மட்டுமே. சாதி என்ற சொல்லுக்கு அந்த எஸ்டேட்டில் இடமில்லை. நம் சமூகத்தில் காதல் எதில் மோதி உடைகிறதோ, அதைத் தொடாமல் கிடைத்த சிரிப்பு அது. மேடையின் நடுத்தர வர்க்கப் பார்வையாளர்களுக்கு எது உறுத்தாதோ அதுவே எல்லையாகிவிட்டது. இதை எழுத வேண்டும், விவாதிக்க வேண்டும். ஆனால் எழுத்து என்று ஒப்புக்கொண்டதைத்தானே விமர்சிக்க முடியும்? பாராட்டும் இல்லாமல் கண்டனமும் இல்லாமல் 'நல்ல காமெடி' என்று கடந்துபோவதுதான் ஓர் எழுத்தாளனுக்குச் செய்யும் பெரிய அவமதிப்பு.

'காசேதான் கடவுளடா' 2023இல் மறுவாக்கம் பெற்றது. 'காதலிக்க நேரமில்லை' என்ற தலைப்பு 2025இல் வேறொரு கதைக்குச் சூட்டப்பட்டது. தலைப்புகளுக்கு இன்னும் சந்தை இருக்கிறது. அவற்றின் உரையாடல்கள் காட்சித் துணுக்குகளாகக் கைபேசிகளில் சுற்றுகின்றன, எழுதியவர் பெயர் இல்லாமல்.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இந்தப் படங்களின் திரைக்கதை, வசனங்களைப் படி எடுத்து, பதிப்பு நெறியோடு அச்சிட்டு, நாடக இலக்கியத் தாளில் ஒரு பாடமாகவாவது வைக்கலாம். ஓலையிலிருந்து பெயர்த்தெழுதத் தெரிந்த நமக்குத் திரையிலிருந்து பெயர்த்தெழுதுவது அத்தனை கடினமா என்ன?