பட்டினிக்குச் சாட்சி

"சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே, ஸார்?" என்று என்னிடம் கேட்டார் ஒரு நண்பர். மாதம் பிறந்தால் சம்பளம் தவறாமல் வருகிறவர். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

சட்டம் இருப்பது உண்மைதான். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், சங்கமோ சக தொழிலாளர்களோ கையிலெடுத்தால்தான் ஒருவனுடைய வேலை நீக்கம் வழக்காகும் என்றிருந்தது. 1965ல் சேர்த்த 2-ஏ பிரிவு அந்தக் குறையைப் போக்கிற்று. தவறாக நீக்கப்பட்டவருக்கு அதே வேலை, அறுபடாத சர்வீஸ், இடையில் நின்றுபோன சம்பளம் ஆகிய மூன்றையும் தருவதே பொதுவிதி என்று 2013ல் ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று. 2025 நவம்பரில் புதிய தொழிலுறவுத் தொகுப்பு அமலுக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. நீக்கப்பட்டவன் முறையிட இருந்த மூன்று வருஷக் கெடுவும் இரண்டாகச் சுருங்கிற்று.

மருந்து என்னவோ நல்ல மருந்துதான். அது வந்து சேருகிறவரை நோயாளி உயிரோடிருக்க வேண்டாமா?

எனக்குத் தெரிந்த பிட்டர் ஒருவர். அவர் பெயரும் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம். சமரச அதிகாரியின் முன்னால் சில மாதம், லேபர் கோர்ட்டில் ஆறு வருஷம் அலைந்து ஜெயித்தார். ஆலைக்காரர்கள் மேலே போனார்கள். அங்கே அவரை நீக்கியது நியாயமா என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. "இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டாய்?" என்பதே பெரிய கேள்வியாயிற்று! ராத்திரியில் வாட்ச்மேன் வேலை பார்த்ததை மறைக்காமல் சொன்னார். பாதிச் சம்பளம் வெட்டுப்பட்டது.

அதாவது, பிள்ளைகளைப் பட்டினி போட்டிருந்தால் முழுச் சம்பளம். கண் விழித்துக் கஞ்சி ஊற்றியதால் பாதி! அவர் விழித்த ராத்திரிகளெல்லாம் ஆலைக்குத் தள்ளுபடியாகிவிட்டன. குற்றம் செய்தவனுக்கு லாபமும், குற்றமற்றவனுக்கு அபராதமும் விதிப்பது என்ன நியாயம்?

"வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் எதற்கு?" என்பார்கள். வேலை செய்ய மாட்டேன் என்று அவரா சொன்னார்? வாசலில் நின்றவரை உள்ளே விடாமல் கதவைச் சாத்தியது யார்? கோர்ட்டில் வருஷங்கள் ஓடியதற்கும் அவர் பொறுப்பில்லை. வழக்கு நீண்டதைக் காட்டித் தொழிலாளியின் சம்பளத்தைக் குறைப்பது தகாது என்று அதே 2013ஆம் வருஷத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொல்லியும் என்ன? வெட்டுகிற கத்தி ஓயவில்லை.

நான் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. நீக்கியது தவறு என்று தீர்ந்தபின், தாமதத்தின் செலவை அந்தத் தவறைச் செய்தவர் ஏற்கட்டும். மேல் கோர்ட்டுக்குப் போகிறவர் முழுப் பாக்கியையும் முதலில் கட்டிவிட்டுப் போகட்டும். அப்போது பாருங்கள், எத்தனை வழக்குகள் சீக்கிரம் முடிகின்றன என்று!

நண்பர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை "கோர்ட் இருக்கிறதே" என்று சொல்லுமுன், தம் வீட்டில் ஆறு வருஷத்துக்கு அரிசி இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.