சுமோ சொல்லும் வியாபாரப் பாடம்

ஒரு சரக்கு ஏன் ஓடுகிறது, ஓடிக்கொண்டிருந்த சரக்கு ஏன் படுத்துவிடுகிறது என்று கவனிப்பது வணிகரின் அன்றாட வேலை. டாடா சுமோ வண்டியின் கதையையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம்.

அன்று டெல்கோ என்று வழங்கிய டாடா மோட்டார்ஸ் 1994ஆம் ஆண்டு சுமோவைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பெயரைக் கேட்டு ஜப்பானிய மல்யுத்தத்தை நினைப்போர் உண்டு. உண்மையில், அந்நிறுவனத்தை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரையும் குடும்பப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்ததே 'சுமோ'.

அழகுக்காகச் செய்த வண்டி அல்ல அது. பெட்டி போன்ற உருவம், உயர்ந்த கூரை, லாரிக்கு இருப்பது போல் தனி சேசிஸ், 1948 சி.சி. டீசல் என்ஜின், பின்சக்கர இழுவை. பின்னால் எதிரெதிர் இருக்கைகள் போட்டுப் பத்துப் பேர் வரை அமரலாம். 1997க்குள் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

காரணம் நமக்குப் புரியாததல்ல. நம் விளாத்திகுளம் வட்டாரம் கரிசல் பூமி. ஒரு மழை பெய்தால் பாதை களியாகிவிடும். அன்று நமக்கு ரயில் பாதையும் கிடையாது. கல்யாணமோ, தூத்துக்குடி ஆஸ்பத்திரியோ, திருச்செந்தூர் நேர்த்திக்கடனோ, குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் போக வேண்டும். பத்துப் பேர் ஏறினால் தலைக்கு விழும் வாடகை குறைவு. வாங்குபவரின் வீட்டில் எத்தனை தலை, ஊரில் எப்படிப்பட்ட ரோடு என்று பார்த்துச் செய்த சரக்கு அது.

பிறகு என்ன ஆயிற்று? 2000ஆம் ஆண்டு டொயோட்டா குவாலிஸ் வந்தது. அதே ஆண்டு மஹிந்திரா பொலிரோவும் வந்தது. குவாலிஸில் ஏறி அலுங்காமல் போய்ப் பழகியவர்கள் அந்தச் சொகுசையே வாடகை வண்டியிலும் கேட்டார்கள். சுமோவும் 2004இல் விக்டா, 2008இல் கிராண்டே என்று புது உருவம் எடுத்தது. ஆயினும் பழைய இடம் கிடைக்கவில்லை. 2019இல் உற்பத்தி நின்றது.

'காலம் மாறிவிட்டது, கிராமத்து வண்டிக்கு இனி மதிப்பில்லை' என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அதை ஒப்பவில்லை. அதே கட்டான உருவம் கொண்ட பொலிரோ இன்றும் விற்கிறதே! ஆக, தேவை சாகவில்லை, வாடிக்கைதான் கைமாறியது.

பழைய சுமோவை நினைத்து ஏங்கவும் வேண்டியதில்லை. பக்கவாட்டு இருக்கையில் நெருக்கியடித்துப் போனது சிக்கனம்தான், பத்திரமல்ல. பாதுகாப்பு விதிகள் இறுகியது நம் பிள்ளைகளுக்கு நல்லதே.

பலசரக்குக் கடையானாலும் வத்தல் கமிஷன் கடையானாலும் நம் நிலையும் இதுவே. அப்பா காலத்து வாடிக்கை தானாக நிலைக்கும் என்று இருந்துவிட முடியாது. வருடக் கணக்கு முடிக்கும்போது வரவு செலவோடு இன்னொரு பட்டியலும் எடுங்கள்: போன வருடம் வந்து, இந்த வருடம் வராதவர் யார் யார்? அவர்களில் நாலு பேரையாவது நேரில் பார்த்து, இப்போது எங்கே வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.