பையின் பெயரைச் சரியாக எழுதுங்கள்

வத்தேகமவில் உம்ராவுக்குப் புறப்படுவோர் பயணப் பையின் விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். எமது கடையில் மட்டும் தீர்மானமாகும் விலையல்ல அது. கொழும்புத் துறைமுகத்தில் அந்தப் பைக்கு எந்த இலக்கம் இடப்படுகின்றது என்பதிலும் தங்கியுள்ளது.

1988 முதல் உலக நாடுகள் பின்பற்றிவரும் எச்.எஸ். குறியீட்டில் பிளாஸ்டிக்குக்கு 39ஆம் அத்தியாயம். ஆகவே பிளாஸ்டிக் பை எல்லாமே அதற்குள்தான் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அப்படியல்ல. அந்த அத்தியாயத்தின் குறிப்பே சூட்கேஸ், கைப்பை போன்றவற்றை விலக்கி 4202க்கு அனுப்பிவிடுகின்றது. நீண்ட காலப் பாவனைக்கென அமையாத, கைபிடியுள்ள பிளாஸ்டிக் தாள் பை 3923இல் சேரும். ஷொப்பிங் பேக் ஓரிடம், சில்லு வைத்த பயணப் பை வேறிடம். இடைநடுவில் நிற்கும் மெல்லிய சிப் பைகளில்தான் தகராறே!

இன்வொயிஸில் 'பிளாஸ்டிக் பேக்' என்று மட்டும் எழுத விட்டுவிட்டு, இலக்கத்தைக் கிளியரிங் முகவரின் தலையில் கட்டும் இறக்குமதியாளரையே நான் முதலில் குறை சொல்வேன். இலக்கம் பிழைத்தால் தீர்வை வித்தியாசமும் தண்டமும் வரலாம். கொள்கலன் தாமதித்தால் அதற்கும் கட்டணம். 2024 முதல் 18 வீதமாகியுள்ள வற் வரியும் தீர்வை சேர்த்த பெறுமதி மீதே கணிக்கப்படுகின்றது. அத்தனையும் கடைசியில் சில்லறைக் கடைக்குத்தான் வந்திறங்கும்.

2017இல் அமுலுக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, சரக்கு வருமுன்பே வகைப்படுத்தல் பற்றி எழுத்தில் முன்தீர்ப்புக் கேட்க வழி சொல்கின்றது. மாதிரிப் பையொன்றுடன் போய்க் கேளுங்கள். சுங்கத் திணைக்களமும் இத்தகைய தீர்ப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். ஒருவர் கேட்டுப் பெற்ற விடைக்காக அடுத்த வியாபாரியும் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லையே.