'மூணு மாசம் முடியட்டும்' - டாக்டரிடமும் மறைக்கலாமா?

'நாள் தள்ளிப்போயிருக்கு. ஆனா யார்கிட்டயும் சொல்லாதே, மூணு மாசம் முடியட்டும்!' மயிலாப்பூரோ, தி.நகரோ, அடையாறோ... சென்னையில் இந்த அறிவுரையைக் கேட்காத பெண் குறைவு. ஆரம்ப வாரங்களில் கரு கலையும் வாய்ப்பு அதிகம் என்பதால் வந்த பழக்கம் இது. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் இருப்பதில் தப்பில்லை. அதே மௌனம் மருத்துவமனை வாசல் வரை நீளும்போதுதான் சிக்கல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால், நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் ஓடிவிடுகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் ஏறக்குறைய ஆறாவது வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. அதில் குறைபாடு வராமல் காக்க உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால், அந்தப் பலன் கிடைக்காது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அசதி, மார்பகத்தில் வலி, குமட்டல், அடிக்கடி சிறுநீர்... எல்லாமே ஆரம்ப அறிகுறிகள்தான். ஆனால், எல்லாருக்கும் எல்லாம் வராது. பி.சி.ஓ.டி இருந்து மாதவிலக்கு தாறுமாறாக வருபவர்கள் நாள் கணக்கை மட்டும் நம்பாமல், சந்தேகம் வந்ததுமே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் காத்திருக்கவே கூடாது. அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

அரசும் சீக்கிரம் வாங்க என்றுதான் அழைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி (14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக) 12 வாரத்துக்குள் பதிவு செய்வதை எதிர்பார்க்கிறது. தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் பிக்மி எண் தேவை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். ஏரியாவில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதிவு செய்யலாம்.

2018-20 கணக்கின்படி, லட்சம் பிரசவங்களுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய சராசரி 97. பெருமைதான். ஆனால், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு இங்கே கர்ப்பிணிகளில் 48 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் போனால், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதற்கான தீர்வு வீட்டிலிருந்தே தொடங்குகிறது. கீரை, பேரீச்சை, முட்டை, பருப்பு சாப்பாட்டில் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்காதீர்கள். காபி, டீ இரண்டுமே இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளிவையுங்கள். முதல் விசிட்டிலேயே ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள். சர்க்கரைப் பரிசோதனையை 24-28 வாரங்களில் மறுபடியும் செய்ய வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு மூணு மாசம் கழித்தே சொல்லுங்கள். டாக்டருக்கு மட்டும் இந்த வாரமே சொல்லிடுங்க!