கூட்டம் இல்லாத வேளாங்கண்ணி

சுற்றுலா என்றால் அரையாண்டு விடுமுறை. அரையாண்டு விடுமுறை என்றால் வேளாங்கண்ணி. இது எழுதப்படாத சட்டம். இதை மாற்றிச் சுற்றுலாவை ஜூலையில் வைக்கவேண்டும் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. எங்களுக்கு இனிப் பொதுத்தேர்வுதான் காத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் பொருட்டே எழுதுகிறோம்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்டு 29-இல் கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8-இல் மாதாவின் பிறந்தநாளன்று முடிகிறது. அந்நாட்களில் சென்னையிலிருந்தே காவி உடுத்தி நடந்து செல்வோர் பலர். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கும் பெருங்கூட்டம்தான். அப்போது போனால் கோவிலையா காண்கிறோம்? முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் காண்கிறோம்! புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் பின்னொரு பயணத்தில் கொண்டுவந்து பதித்தவை என்று சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் அங்குப் பீடத்தில் உள்ளன. விவிலியக் காட்சிகள் தீட்டப்பட்டவை. அவற்றை நின்று பார்க்க ஐந்து நிமிடமாவது வேண்டாமா? 1962-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பேராலயத்தை அண்ணாந்து நோக்கவும், மாதா குளம் வரை மணலில் முழந்தாளிட்டுச் செல்வோரை இடிக்காமல் ஒதுங்கி நிற்கவும் இடம் வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கூட்டநாட்களில் பேருந்து வாடகையும் அறை வாடகையும் ஏறிவிடுகின்றன. முதலில் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் "வயிற்றுவலி" என்று விலகிக்கொள்ளும் தோழியர் ஒவ்வோர் ஆண்டும் மூன்று நான்கு பேர். அந்த வயிற்றுவலி, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு ஓவர்டைம் கிடைக்காததால் வந்தது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

கலைநகரங்கள் நிறைந்த இத்தாலியில் இந்தக் கணக்கை நன்கு அறிவார்கள். பிளாரன்ஸ் நகரின் உஃபிசி ஓவியக்கூடம் 2018-இல் மார்ச் முதல் அக்டோபர் வரை 20 யூரோவும், குளிர்மாதங்களில் 12 யூரோவும் கட்டணமாக வைத்தது. வெனிஸ் நகரமோ 2024-இல், கூட்டம் மிகும் நாட்களில் வந்து அன்றே திரும்புவோரிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது.

"திருவிழா பார்க்காமல் வேளாங்கண்ணியா?" என்பார்கள் பாட்டிமார். அதிலும் நியாயம் உண்டு. நம் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோவிலில் ஆண்டெல்லாம் சந்தனக்காப்பில் இருக்கும் லிங்கத்தைக் காப்பின்றிக் காண, சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் போகவேண்டும். வேறு நாள் கிடையாது. வேளாங்கண்ணிப் பீடமோ எந்நாளும் அங்கேயே இருக்கிறது.

கூட்டம் இல்லையென்று நவம்பரில் போகவும் கூடாது. நாகைக் கரையில் அது புயல் மாதம். கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16-இல். மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜூலையில் ஒரு வெள்ளி இரவு புறப்பட்டால் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். வழியில் தரங்கம்பாடியில் இறங்கி, 1620-இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டையையும் பார்க்கலாம்.

ஜூலை வாடகை எவ்வளவு, டிசம்பர் வாடகை எவ்வளவு என்று இரண்டு இடங்களில் கேட்டு எழுதி, சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.